இந்தியாவில் ஆடை விருப்பக் கடற்கரைகள்

ஆடை விருப்பக் கடற்கரை என்பது, வருகையாளர்கள் ஆடை அணிந்தோ அணியாமலோ நீராடவும் மணலில் ஓய்வெடுக்கவும் சட்டத்தாலோ உள்ளூர் வழக்கத்தாலோ இடமளிக்கப்பட்ட கடற்கரை ஆகும். இத்தகைய கடற்கரையை ஒட்டி அமைந்து, அதே விதியைத் தன் வளாகத்திலும் கடைப்பிடிக்கும் தங்குமிடம் ஆடை விருப்ப விடுதி எனப்படுகிறது. ஐரோப்பாவிலும் கரிபியன் தீவுகளிலும் இவை சுற்றுலாத் தொழிலின் ஒரு சிறு பிரிவாக வளர்ந்துள்ளன. இந்தியாவில் சட்டத்தின் ஏற்பைப் பெற்ற ஆடை விருப்பக் கடற்கரை எதுவும் இல்லை. எனினும் இவ்வியக்கத்தின் அறியப்பட்ட முதல் சங்கம் 1891 ஆம் ஆண்டில் இந்திய மண்ணிலேயே தொடங்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆடையின்மை ஓரிடத்தில் ஏற்கப்படுவதும் மற்றோரிடத்தில் குற்றமாவதும் உடலைப் பொறுத்தவை அல்ல. அந்த இடம் யாருடையது, அங்கு இருப்பவர்கள் எதற்கு உடன்பட்டு வந்தவர்கள் என்பவற்றையே அவை பொறுத்துள்ளன. இக்கட்டுரை அந்த வேறுபாட்டை இந்தியச் சூழலிலும், குறிப்பாகப் புதுச்சேரிக் கடற்கரையின் சூழலிலும் விளக்குகிறது.

சொற்பொருள்

ஆடையற்ற கடற்கரை, ஆடை விருப்பக் கடற்கரை ஆகிய இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் ஆடை களைவது எதிர்பார்க்கப்படும் நடைமுறை ஆகும். பின்னதில் அது அவரவர் விருப்பம். கணவர் ஆடையின்றியும் மனைவி நீச்சலுடையிலும் அருகருகே அமர்ந்திருப்பது பின்னதில் இயல்பானது.

ஆடையின்றிக் கூடி வாழ்வதை உடல்நலத்துக்கும் இயற்கையோடு இயைந்த வாழ்வுக்கும் உரிய நெறியாகக் கொள்ளும் கொள்கை இயற்கைநிலை வாழ்வு எனப்படும். பன்னாட்டு இயற்கைநிலைவாதிகள் கூட்டமைப்பு 1974 இல் பிரான்ஸின் அக்டே முனையில் நடத்திய மாநாட்டில் இதற்கு வரையறை வகுத்தது. தன்மதிப்பு, பிறர் மீதான மதிப்பு, சுற்றுச்சூழல் மீதான மதிப்பு ஆகியவற்றை வளர்ப்பதை அவ்வரையறை நோக்கமாகக் கூறுகிறது.

தமிழில் ஆடையின்மையைக் குறிக்கும் அம்மணம் என்னும் சொல், சமணரைக் குறிக்கும் அமணர் என்னும் சொல்லோடு தொடர்புடையது என்பர். நிர்வாணம் என்னும் சொல் பேச்சு வழக்கில் ஆடையின்மையையும், பௌத்த மெய்யியலில் வீடுபேற்றையும் குறிக்கிறது.

தாணே சங்கம் (1891)

பம்பாய் மாகாணத்தின் தாணேயில் மாவட்ட, அமர்வு நீதிபதியாகப் பணியாற்றிய சார்லஸ் எட்வர்ட் கார்டன் கிராஃபோர்ட் என்னும் ஆங்கிலேயர் 1891 இல் ஆடையின்மை அறச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். மனைவியை இழந்திருந்த அவருடன், கிறித்தவச் சமயப் பரப்பாளர் ஒருவரின் மகன்கள் இருவரும் சேர்ந்தனர். ஆக, சங்கத்தின் தொடக்க உறுப்பினர்கள் மூவரே. மும்பைக்குக் கிழக்கே உள்ள மலைவாழிடமான மாத்தேரானில் அவர்கள் கூடினர். உடல்நலம், ஒழுக்கம், அழகுணர்வு ஆகிய மூன்று நோக்கில் அவர்கள் ஆடையின்மையை ஆதரித்தனர். கிராஃபோர்ட் ரத்தினகிரிக்கு மாற்றப்பட்டதும் சங்கம் கலைந்தது.

இச்சங்கத்தைப் பற்றிய செய்திகள் கிராஃபோர்ட் ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பென்டருக்கு எழுதிய கடிதங்கள் வழியே கிடைக்கின்றன. கார்ப்பென்டர், யாழ்ப்பாணத் தமிழ் மரபினரான பொன்னம்பலம் அருணாசலத்தின் கேம்பிரிட்ஜ் கால நண்பர். 1890 இல் இலங்கைக்கு வந்த அவர், அருணாசலத்தின் வழியாகத் தமிழ் ஞானி ஒருவரைச் சந்தித்து உரையாடினார். அப்பயணத்தைப் பற்றிய அவரது நூல் 1892 இல் வெளியானது. எளிய உடை, எளிய உணவு, திறந்தவெளி வாழ்வு ஆகியவற்றை வலியுறுத்திய அவருடைய எழுத்துகள் பின்னர் இயற்கைநிலை வாழ்வினர் பலரால் படிக்கப்பட்டன.

தாணே சங்கம் கடற்கரையில் அமைந்தது அன்று. ஆட்சியாளர் வகுப்பைச் சேர்ந்த மிகச் சிலர் ஊருக்கு ஒதுங்கிய மலையில் தமக்குள் நடத்திக்கொண்ட முயற்சி அது. அதற்கு இந்தியரிடையே தொடர்ச்சி ஏற்படவில்லை.

ஐரோப்பாவில் வளர்ச்சி

ஜெர்மனியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நகர நெரிசலுக்கும் ஆலைப் புகைக்கும் எதிராக எழுந்த வாழ்க்கைச் சீர்திருத்த இயக்கத்தின் ஒரு கிளையாக, ஆடையின்றி வெயிலிலும் காற்றிலும் உடற்பயிற்சி செய்யும் பண்பாடு தோன்றியது. 1903 இல் லூபெக் நகருக்கு அருகில் பால் சிம்மர்மன் இதற்கெனப் பூங்கா ஒன்றை அமைத்தார். 1931 இல் பிரான்ஸின் லெவான் தீவில் மருத்துவர்களான டூர்வீல் உடன்பிறந்தார் ஹெலியோபோலிஸ் என்னும் குடியிருப்பை நிறுவினர். 1950 இல் பிரான்ஸின் மோந்தாலிவே கடற்கரையில் விடுமுறைக் குடியிருப்பு திறக்கப்பட்டது. அங்கேயே 1953 இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவானது.

அமெரிக்காவுக்கு இவ்வியக்கத்தை 1929 இல் கொண்டு சென்றவர் ஜெர்மனியிலிருந்து குடியேறிய கர்ட் பார்தெல் ஆவார். தொடக்கத்தில் உடல்நல இயக்கமாக இருந்தது, விமானப் பயணம் பெருகிய 1960களுக்குப் பின் விடுமுறைச் சுற்றுலாவாக மாறியது.

கரிபியன் தீவுகளில்

கரிபியனில் எல்லாத் தீவுகளும் ஆடையின்மையை ஏற்பவை என்னும் எண்ணம் தவறானது. தீவு மக்களில் பெரும்பாலோர் கிறித்தவ சமய ஒழுக்கங்களைப் பேணுபவர்கள். பார்படோஸ் போன்ற நாடுகளில் பொது இடத்தில் ஆடையின்றி இருப்பது குற்றமாகும். எனவே ஆடை விருப்ப விடுதிகள் குறிப்பிட்ட சில தீவுகளில், குறிப்பிட்ட எல்லைகளுக்குள் மட்டுமே இயங்கின.

இவற்றுள் புகழ்பெற்றது செயின்ட் மார்ட்டின் தீவின் ஓரியன்ட் விரிகுடா. இத்தீவின் வட பகுதி பிரான்ஸுக்கும் தென் பகுதி நெதர்லாந்துக்கும் உரியது. 1648 ஆம் ஆண்டு உடன்படிக்கை இப்பிரிவினைக்கு அடிப்படை ஆகும். பிரெஞ்சுப் பகுதியில் உள்ள ஓரியன்ட் கடற்கரையின் தென்கோடியில் 1970களின் பிற்பகுதியில் கிளப் ஓரியன்ட் என்னும் சிறு விடுதி உருவானது. சமையலறை கொண்ட மரக் குடில்கள், உணவகம், கடையொன்று, பவளப்பாறைக்குச் செல்லும் படகுகள் ஆகியவை அங்கு இருந்தன. இணையர்களும் குடும்பத்தினரும் முதியோரும் வந்து தங்கினர். 2017 செப்டம்பர் 6 அன்று ஐந்தாம் வகைச் சூறாவளியான இர்மா தீவைத் தாக்கியபோது இவ்விடுதி அழிந்தது.

யமேக்காவின் நெக்ரில் கடற்கரையில் உள்ள இடோனிசம் என்னும் விடுதி வேறு வகையைச் சேர்ந்தது. வயது வந்தோருக்கு மட்டுமான அவ்விடுதியின் கடற்கரை, ஆடையுடன் இருப்போர் பகுதி, ஆடையற்றோர் பகுதி எனப் பிரிக்கப்பட்டது. அங்கு பாலியல் கேளிக்கையும் ஈர்ப்பாக விளம்பரப்படுத்தப்பட்டது. ஆண்டிகுவாவில் ஹாக்ஸ்பில் பகுதியின் நான்கு கடற்கரைகளில் ஒன்று ஆடை விருப்பக் கடற்கரையாகப் பெயர்பெற்றது. கிளப் ஓரியன்ட் போன்ற இயற்கைநிலை விடுதியையும் கேளிக்கை விடுதியையும் ஒன்றாகக் கருதுவது இத்துறையில் பரவலாகக் காணப்படும் பிழை ஆகும்.

இணையரின் தங்கலும் விடுதி நடைமுறைகளும்

இத்தகைய விடுதிக்கு முதன்முறை செல்லும் இணையர்களில் பெரும்பாலும் ஒருவர் ஆர்வத்தோடும் மற்றவர் தயக்கத்தோடும் வருவதுண்டு. ஆடை விருப்பம் என்னும் விதி தயங்குபவருக்காகவே அமைந்தது. ஆடை களையுமாறு துணைவரோ விடுதியோ வற்புறுத்தக்கூடாது என்பதே அதன் பொருள். இசைவு ஒருமுறை அளித்துவிட்டால் முடிந்துபோவதன்று. ஒருவர் முதல் நாள் ஆடையின்றி இருந்து மறுநாள் ஆடையுடன் இருக்கலாம்.

ஆடை குறைந்த இடத்தில் விதிகள் மிகுந்திருப்பதைக் காணலாம். பொதுவாகக் கடைப்பிடிக்கப்படுபவை:

- நாற்காலியிலோ சாய்விருக்கையிலோ அமருமுன் தன் துண்டை விரித்துக்கொள்ள வேண்டும். இது தூய்மைக்கான விதி.
- ஒளிப்படக் கருவி பயன்படுத்தலாகாது. சில இடங்களில் கைப்பேசிக்கும் தடை உண்டு.
- பிறரை உற்றுநோக்குவதும், உடலைப் பற்றிக் கருத்துரைப்பதும், அனுமதியின்றித் தொடுவதும் ஒழுங்கீனமாகும்.
- இயற்கைநிலை விடுதிகளில் பொதுவெளியில் பாலியல் நடத்தை அனுமதிக்கப்படுவதில்லை. மீறுவோர் வெளியேற்றப்படுவர்.
- மாலை உணவு வேளையில் ஆடை அணிவது பல விடுதிகளின் வழக்கம்.
- கடற்கரையின் எல்லைப் பலகையைக் கடந்ததும் ஆடை அணிந்துகொள்ள வேண்டும்.

தனியாக வரும் ஆண்களின் எண்ணிக்கையைச் சில விடுதிகள் கட்டுப்படுத்துகின்றன. வெப்பமண்டல வெயிலில், வழக்கமாக மறைந்திருக்கும் தோல் விரைவில் வெந்து சிவக்கும். புற ஊதாக் கதிர்கள் தோல் புற்றுநோய்க்குக் காரணமாவதால் நண்பகல் வெயிலைத் தவிர்ப்பதும் நிழலில் இருப்பதும் அறிவுறுத்தப்படுகின்றன.

இந்தியாவில்

துறவு மரபு

இந்தியாவில் ஆடையின்மை புதியது அன்று. ஆனால் அது இன்பத்தின் அடையாளமாக அன்றித் துறவின் அடையாளமாகவே மதிக்கப்பட்டது. திசைகளையே ஆடையாகக் கொண்டோர் என்னும் பொருளுடைய திகம்பரர், சமணத்தின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்றினர். அப்பிரிவின் துறவிகள் உடைமை எதுவும் இல்லாமையின் முழுமையாக ஆடையையும் துறக்கின்றனர். தமிழ்ச் சமணர்களில் பெரும்பாலோர் திகம்பரப் பிரிவினரே. அவர்களுடைய மடம் செஞ்சிக்கு அருகில் மேல்சித்தாமூரில் உள்ளது. நெரூரில் சமாதி கொண்ட சதாசிவப் பிரம்மேந்திரர் ஆடை துறந்து திரிந்த அவதூதராக நினைவுகூரப்படுகிறார்.

துறவியின் ஆடையின்மையையும் தமிழ்நாடு ஒரே மனத்தோடு ஏற்கவில்லை. தேவாரப் பாடல்கள் சமண முனிவரின் ஆடையின்மையைக் கடிந்து பாடுகின்றன. இல்லறத்தாருக்கோ விதி வேறு. பதினெண் கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை, ஆடையின்றி நீராடுவதை விலக்குகிறது. ஆறு, குளம், கடல் ஆகியவற்றில் பெண்கள் சேலையுடனும் ஆண்கள் கோவணம் அல்லது வேட்டியுடனும் நீராடும் வழக்கம் இவ்விதியோடு ஒத்துப்போகிறது.

கோவாவும் பிற கடற்கரைகளும்

1961 டிசம்பரில் போர்த்துக்கீசரிடமிருந்து கோவா இந்தியாவுடன் இணைந்தது. அதன் பின் 1960களின் இறுதியிலிருந்து மேலைநாட்டு இப்பிகள் அஞ்சுனா, வாகதோர் முதலிய கடற்கரைகளில் தங்கத் தொடங்கினர். அவர்களிற் பலர் ஆடையின்றி நீராடினர். இது சட்டத்தின் அனுமதியால் நிகழ்ந்தது அன்று. உள்ளூர் மக்களிடையே எதிர்ப்பு எழுந்தது. ஆடையின்மைக்குத் தடை என அறிவிக்கும் பலகைகள் கடற்கரைகளில் வைக்கப்பட்டன. 2020 நவம்பரில், நடிகரும் வடிவழகருமான மிலிந்த் சோமன் கோவாக் கடற்கரையில் ஆடையின்றி ஓடும் ஒளிப்படத்தை வெளியிட்டதற்காக அம்மாநிலக் காவல்துறை அவர் மீது வழக்குப் பதிந்தது.

சட்டம்

1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 294 ஆம் பிரிவு, பிறருக்கு எரிச்சலூட்டும் வகையில் பொது இடத்தில் ஆபாசச் செயல் புரிவதைக் குற்றமாக்கியது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 296 ஆம் பிரிவு அதே குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கிறது. ஆடையின்மை என்னும் சொல் இப்பிரிவில் இல்லை. செயல் ஆபாசமானதா, பிறர் எரிச்சலுற்றனரா, இடம் பொது இடமா என்னும் மூன்று கேள்விகளே முதன்மையானவை.

எது ஆபாசம் என்பதில் நீதிமன்றங்களின் நோக்கு மாறி வந்துள்ளது. டென்னிசு வீரர் போரிஸ் பெக்கரும் அவரது துணைவியாகவிருந்த பார்பரா பெல்டசும் ஆடையின்றி இருந்த ஒளிப்படத்தை 1993 இல் கொல்கத்தா இதழொன்று மறுவெளியீடு செய்தது. அது பற்றிய அவீக் சர்க்கார் வழக்கில் உச்சநீதிமன்றம் 2014 இல் தீர்ப்பளித்தது. ஆடையின்மை மட்டுமே ஆபாசம் ஆகாது என்றும், சமுதாயத்தின் சமகால அளவுகோலைக் கொண்டே ஆராய வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கொண்டது. ஆனால் அது ஒளிப்படம் பற்றிய தீர்ப்பு. கடற்கரையில் ஆடையின்றி இருக்கும் உரிமையை அது வழங்கவில்லை.

அறைக்குள் நிலைமை வேறு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்சநீதிமன்றம் 2017 ஆகத்து 24 அன்று தீர்ப்பளித்தது. திருமணமாகாத வயது வந்த இருவர் விடுதி அறையில் தங்குவது குற்றமன்று எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரில் கோயம்புத்தூர் விடுதி ஒன்றின் வழக்கில் கூறியது. ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளை அவரது இசைவின்றிப் படம் பிடிப்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66உ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கலாம். எனவே இணையர் தம் அறையில் எவ்வாறு இருக்கின்றனர் என்பதில் சட்டம் தலையிடுவதில்லை. அறைக்கதவைக் கடந்து மணலில் கால் வைத்ததும் பொது இட விதி தொடங்குகிறது.

கடற்கரை யாருடையது

இந்தியாவில் ஆடை விருப்ப விடுதி அமையாததற்கு ஒழுக்க நோக்குடன் நிலவுரிமையும் ஒரு காரணம் ஆகும். ஓத ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடைப்பட்ட நிலம் தனியாருக்கு உரியதன்று. 1991 இல் முதலில் வெளியிடப்பட்டு, 2011, 2019 ஆம் ஆண்டுகளில் மாற்றி அமைக்கப்பட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் கரையோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்துகின்றன. 2011 அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கடலுக்குச் செல்ல இரு கடற்கரை விடுதிகளுக்கிடையே குறைந்தது 20 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ஆகவே, ஒரு விடுதி தன் முன்னுள்ள மணலை வேலியிட்டுத் தன் விருந்தினருக்கு மட்டும் ஒதுக்க முடியாது.

புதுச்சேரியில்

புதுச்சேரிக்கும் செயின்ட் மார்ட்டினின் வட பகுதிக்கும் பிரெஞ்சு ஆட்சி என்னும் பொதுக்கூறு உண்டு. 1880 ஆம் ஆண்டு ஆணையால் உருவான கொம்யூன் என்னும் உள்ளாட்சி அலகு இன்றும் புதுச்சேரியில் பெயரளவில் தொடர்கிறது. வில்லியனூர், பாகூர் ஆகியவை அவற்றுள் பழையவை. ஆயினும் 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டமுறை மாற்றம் 1962 ஆகத்து 16 அன்று நிறைவேறியது. 1963 இல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கு நீட்டிக்கப்பட்டது. பிரான்ஸிலோ, 1994 இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டம், பொது நாணத்துக்கு ஊறு என்னும் பழைய குற்றத்தை நீக்கிப் பாலியல் வெளிக்காட்டல் என்னும் குற்றத்தை வைத்தது. ஒரே ஆட்சி மரபிலிருந்து பிரிந்த இரு கடற்கரைகள் இவ்வாறு வெவ்வேறு சட்டங்களின் கீழ் வந்தன. புதுச்சேரியில் பிரெஞ்சுத் தன்மை கட்டடங்களிலும் உணவிலும் தெருப்பெயர்களிலும் விளம்பரப்படுத்தப்படுகிறது. கடற்கரை ஒழுங்கு இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டது.

வில்லியனூர் கொம்யூனுக்குக் கடற்கரை இல்லை. சங்கராபரணி ஆறும் ஊசுடு ஏரியும் அதன் நீர்நிலைகள். திருக்காஞ்சியில் மாசி மகத்தன்று ஆற்றில் நீராடுவோர் ஆடையுடனேயே மூழ்கி எழுகின்றனர். பாகூர் கொம்யூனின் கிழக்கெல்லை வங்காள விரிகுடா ஆகும். மணப்பட்டு, மூர்த்திக்குப்பம், பனித்திட்டு முதலியவை அங்குள்ள கரையோர ஊர்கள். இக்கரையில் விடியற்காலையில் படகுகள் கரையேறும். வலை உலர்த்துவதும் பின்னுவதும் மணலில் நடைபெறும். மீன் எடுக்கப் பெண்கள் கூடையோடு வருவர். நகரத்தார்க்கு ஓய்விடமாகத் தோன்றும் அதே மணல் மீனவர்க்குப் பணியிடமும் படகுத்துறையும் ஆகும். ஆடையின்மைக்கு இசைவு கேட்பதாயின், முதலில் கேட்கப்பட வேண்டியவர்கள் அவர்களே.

அரியாங்குப்பம் கொம்யூனில் சின்ன வீராம்பட்டினத்தை ஒட்டிய ஈடன் கடற்கரைக்கு 2021 இல் தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் உரிய பன்னாட்டு நீலக் கொடிச் சான்று கிடைத்தது. அங்கு நீராடுவோருக்கு உடை மாற்றும் அறைகளும் குளியல் தாரைகளும் அமைக்கப்பட்டன. இந்தியக் கடற்கரைச் சுற்றுலாவில் தனிமைக்கான தேவை எவ்வாறு நிறைவு செய்யப்படுகிறது என்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

கருத்து வேறுபாடுகள்

ஆதரவாளர்கள், பல வயதினரின் இயல்பான உடல்களைக் காண்பதால் தம் உடல் மீதான வெட்கம் குறைகிறது என்கின்றனர். 2017 இல் வெளியான உளவியலாளர் கியோன் வெஸ்ட்டின் ஆய்வு, இயற்கைநிலை நிகழ்வுகளில் பங்கேற்போரிடம் உடல் பற்றிய மனநிறைவும் வாழ்க்கை நிறைவும் கூடியிருப்பதைக் கண்டது. எனினும் மனநிறைவு உடையோரே இத்தகைய நிகழ்வுகளை நாடிச் செல்லும் வாய்ப்பும் உண்டு.

எதிர்ப்போர் இரு வகையினர். ஒரு சாரார் ஒழுக்கம், சமயம் ஆகியவற்றின் அடிப்படையில் எதிர்க்கின்றனர். மற்றொரு சாரார், ஆண்களின் பார்வையாலும் மறைவான ஒளிப்படங்களாலும் பெண்களுக்கு நேரும் தீங்கைச் சுட்டுகின்றனர். முழு ஆடையுடன் நீராடும் பெண்களே தொல்லைக்கு உள்ளாகும் கடற்கரைகளில் இவ்வாதம் வலுவானது. செல்வம் மிக்க அயல்நாட்டவரின் விடுமுறை விருப்பத்துக்காக உள்ளூர் மக்கள் தம் கரையிலிருந்து ஒதுக்கப்படுகின்றனர் என்னும் குறையும் கூறப்படுகிறது.

இவ்விரு தரப்பாரும் உடன்படும் புள்ளி ஒன்று உண்டு. ஆடையின்மை, அதனை ஏற்றோர் மட்டும் இருக்கும் இடத்தில் விருப்பமாகவும், ஏற்காதோர் மீது சுமத்தப்படும் இடத்தில் வன்முறையாகவும் அமைகிறது என்பதே அது.

இவற்றையும் பார்க்கவும்

- திகம்பரர்
- ஆசாரக்கோவை
- எட்வர்ட் கார்ப்பென்டர்
- பொன்னம்பலம் அருணாசலம்
- செயின்ட் மார்ட்டின்
- கடலோர ஒழுங்குமுறை மண்டலம்
- பாகூர்
- வில்லியனூர்